‘இல்லை’ என்று சொல்லுமுன்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற நூலகரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, “அக்கா, இவ்வளவு காலம் நூலகத்தில் இருந்தனீங்கள். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ” என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில்தான். கேட்டு வருகிறவருக்குத் தேடிக் கொடுப்பது. அதைப் பற்றியே பேசுகிறேன். தலைப்பு கொஞ்சம் வரட்சியானது: நூலகத் தரவுத்தளங்களில் தேடும்போது புலங்களை எப்படிப் பயன்படுத்துவது. கணினிப் பாடம் போல் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் குச்சவெளிக்காரி. புல்மோட்டை வீதியில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து, விடுதியில் தங்கி இங்கே படித்தவள். என் தங்கையின் மகள் போன வருடம் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குக் குச்சவெளியையே எடுத்தாள். எனக்குச் சந்தோஷம். ஒரு வாரத்தில் தொலைபேசி வந்தது.

“பெரியம்மா, நான் தலைப்பை மாத்தப் போறன். எங்கட ஊரைப் பற்றி ஒண்டுமே இல்லை.”

“எங்க தேடினனி?”

“யூனிவசிற்றி லைபிரரியில இருக்கிற எல்லா டேட்டாபேஸிலயும் அடிச்சுப் பார்த்திட்டன்.”

“எந்தப் பெட்டியில அடிச்சனி?”

“ஒரு பெட்டிதானே பெரியம்மா இருக்கு!”

‘ஒண்டுமே இல்லை’ என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஏனென்றால் அதே சொல்லை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. கணினி இல்லை, பட்டியல் அட்டைகள் அடுக்கிய மர இழுப்பறைகள்தான். வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் வந்தார். திரியாயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இடம்பெயர்ந்து இருக்கிறார். “ஊருக்கு எப்ப திரும்பிப் போவம் எண்டு தெரியாது பிள்ளை. அதுக்கு முதல் ஊரின்ர வரலாற்றை எழுதி வைக்க வேணும். எங்கட மலையில ஒரு கல்வெட்டு இருக்கு, அதை ஆரோ வாசிச்சுப் புத்தகத்தில போட்டிருக்கினம். அது இஞ்ச இருக்கோ?” என்று கேட்டார். நான் திரியாய் என்ற பெயரில் இழுப்பறையைத் தேடினேன். அட்டை இல்லை. திருகோணமலை என்ற பெயரில் தேடினேன். அங்கும் கல்வெட்டு இல்லை. “இல்லை ஐயா” என்றேன். “பரவாயில்லை பிள்ளை” என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சில வருடங்கள் கழித்து இருப்புக் கணக்கெடுப்பு. நான் அமர்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த இறாக்கையில் ‘எபிகிராபியா சிலனிக்கா’ தொகுதிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் தொகுதியைத் திறந்தால் அதில் திரியாய்ப் பாறைக் கல்வெட்டு! பரணவிதான வாசித்து வெளியிட்டது. கடல் வாணிகர் குழுவொன்று எழுப்பிய தூபியைப் பற்றி வடமொழியில் எழுதப்பட்ட சாசனம். மூன்றாம் தொகுதியை எடுத்தேன். அதில் என் சொந்த ஊரான குச்சவெளியின் பாறைக் கல்வெட்டு. நான் ‘இல்லை’ என்று சொன்ன நாளிலும் அவை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

அந்த ஐயாவைத் தேடினேன். முகாமை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். இந்தியாவில் இருக்கிறார் என்றார்கள். அவருடைய பெயரையோ முகவரியையோ நான் எழுதி வைக்கவில்லை.

எங்கே பிழைத்தேன்? இரண்டு இடங்களில். முதலாவது, நூற்பட்டியலில் இருப்பது நூலின் பெயர். நூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையின் பெயரும் அல்ல. பல தொகுதிகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அட்டை, அந்த வரிசையின் பெயரில் இருந்தது. இன்றைக்கும் இது அப்படித்தான். நூலகத்தின் இணையவழி நூற்பட்டியல் வேறு, ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம் வேறு. முதலாவதில் கட்டுரையைத் தேடி ‘இல்லை’ என்று திரும்புகிற பிள்ளைகள் இன்றும் நிறையப் பேர். கட்டுரை வேண்டுமானால் இரண்டாவதற்குப் போங்கள். அல்லது எந்தச் சஞ்சிகையில் வந்திருக்கும் என்று யோசித்து, சஞ்சிகையின் பெயரால் நூற்பட்டியலில் தேடுங்கள்.

இரண்டாவது பிழை எழுத்து. நாம் இன்று திரியாயை ஆங்கிலத்தில் ‘ரி-எச்’ போட்டுத் தொடங்குகிறோம். அந்தத் தொகுதியில் ‘எச்’ கிடையாது. கடைசியில் ‘ஐ’ இல்லை, ‘வை’. சிங்கள வழக்கில் எழுதுகிறவர்கள் அதன் பின்னால் இன்னொரு ‘ஏ’ சேர்ப்பார்கள். குச்சவெளிக்கும் அதே கதை. பிரதேச செயலகப் பலகையில் ‘சி-எச்’ இரண்டு தடவை வரும். சிலர் ஒரு தடவை எழுதுவார்கள். கல்வெட்டு அறிஞர்கள் ‘எச்’ இல்லாமல் இரண்டு ‘சி’ மட்டும் போடுவார்கள். மனிதர் பார்த்தால் மூன்றும் ஒரே ஊர். கணினிக்கு மூன்றும் மூன்று ஊர்.

சரி, அந்த ‘ஒரே பெட்டி’க்கு வருவோம். பாடசாலை அலுவலகத்தில் உள்ள சேர்விடாப்பை நினைத்துப் பாருங்கள். சேர்வு இலக்கம், பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, முகவரி, விலகிய திகதி என்று நிரல் நிரலாக இருக்கும். தரவுத்தளத்திலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அப்படியொரு பதிவு உண்டு. அந்த நிரல்களைத்தான் புலம் என்கிறோம். தலைப்பு, ஆசிரியர், பொருள் தலைப்பு, திறவுச்சொல், ஆய்வுச் சுருக்கம், சஞ்சிகை, ஆண்டு, மொழி, ஆசிரியர் பணியாற்றும் நிறுவனம் ஆகியவை முக்கியமானவை. முன்பக்கத்தில் இருக்கும் ஒற்றைப் பெட்டி பெரும்பாலும் எல்லா நிரல்களையும் ஒன்றாகக் கலக்கித் தேடும். அதற்குப் பக்கத்தில் ‘மேம்பட்ட தேடல்’ என்று சின்ன எழுத்தில் ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்தால் எந்த நிரலில் எந்தச் சொல் என்று நாங்கள் சொல்லலாம். என் பெறாமகள் நான்கு வருடம் படித்தும் அந்தக் கதவைத் தொட்டதில்லை.

அன்று இரவு தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு இருவரும் தேடினோம். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒற்றைப் பெட்டியில் திருகோணமலையை ஆங்கிலத்தில் கொடுக்கச் சொன்னேன். குவியலாக வந்தது: நெல், டெங்கு, கணக்கியல். ஏன்? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பணியாற்றுகிறவர்கள் எதைப் பற்றி எழுதினாலும் அவர்களது முகவரியில் அந்த ஊர்ப்பெயர் இருக்கும். சொல் நிறுவனப் புலத்தில் இருக்கிறது. கட்டுரையோ வேறு ஊரைப் பற்றியது. அதே சொல்லைத் தலைப்புப் புலத்தில் மட்டும் கொடுத்தோம். குவியல் ஒரு பிடியாகச் சுருங்கியது. அதில் பெரும்பாலானவை உண்மையிலேயே எங்கள் மாவட்டத்தைப் பற்றியவை.

அடுத்து ஊர்ப்பெயர். உடுக்குறி என்றொரு வசதி உண்டு. சொல்லின் அடியை மட்டும் கொடுத்து, பின்னால் உடுக்குறி போட்டால், அந்த அடியில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். ‘கே-யூ-சி’ என்ற மூன்றெழுத்தும் உடுக்குறியும் கொடுத்தோம். குச்சவெளியின் எல்லா எழுத்துக்கூட்டலும் அகப்பட்டன. கூடவே மலேசியாவின் குச்சிங் நகரமும் வந்து உட்கார்ந்தது! பிள்ளை சிரித்துவிட்டாள். இரண்டாவது வரியில் இலங்கையைச் சேர்த்து, நடுவே ‘அண்ட்’ போட்டதும் குச்சிங் போய்விட்டது. அடியை மிகக் குறுக்கினால் ஊரார் எல்லாரும் வருவார்கள் என்பதை அதில் கற்றுக்கொண்டாள்.

இந்த இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. எங்கள் நாட்டுக்கு ஆங்கிலத்தில் ஸ்ரீலங்கா என்ற பெயர் 1972இல் வந்தது. அதற்கு முந்திய கட்டுரைகளின் தலைப்பில் சிலோன் என்றுதான் இருக்கும். எனவே தலைப்புப் புலத்தில் ஸ்ரீலங்கா என்று மட்டும் கொடுத்தால் அதற்கு முந்திய காலமே இல்லாமல் போய்விடும். இரண்டு பெயரையும் கொடுத்து நடுவே ‘ஓர்’ போட வேண்டும். ‘அண்ட்’ என்பது இரண்டும் இருக்க வேண்டும் என்பது, குவியலைக் குறைக்கும். ‘ஓர்’ என்பது எது இருந்தாலும் சரி என்பது, வலையை அகட்டும். ஒரே பொருளின் பல பெயர்களுக்கு ‘ஓர்’, வேறு வேறு பொருள்களை இணைக்க ‘அண்ட்’. ‘ஓர்’ போட்ட சொற்களை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் விருப்பத்துக்குச் சேர்த்துப் பார்த்துவிடும்.

பொருள் தலைப்புப் புலத்தின் அருமையும் இங்கேதான் தெரியும். தலைப்பு என்பது எழுதியவர் வைத்த பெயர். பொருள் தலைப்பு என்பது நூலகர் வாசித்துப் பார்த்து, ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து இடும் பெயர். எழுதியவர் சிலோன் என்றாலும் ஸ்ரீலங்கா என்றாலும் நூலகர் ஒரே பெயரின் கீழ்த்தான் போடுவார். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்: நாம் ‘ஹார்ட் அற்றாக்’ என்கிறோம், மருத்துவத் தரவுத்தளத்தின் பட்டியலில் அதற்கு ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்று பெயர். ஆனால் அந்தப் பட்டியலில் என்ன சொல் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பொருத்தமான ஒரே ஒரு கட்டுரையைக் கண்டுபிடியுங்கள். அதன் முழுப் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லை எடுத்து மறுபடி தேடுங்கள். ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, அந்த வீட்டாரிடமே உறவினர் வீடுகளை விசாரிப்பது போல. கூகுள் ஸ்கொலரில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றால் வடிகட்டலாம். பொருள் தலைப்பு அங்கே கிடையாது. அதனால்தான் அது மட்டும் போதாது என்கிறேன்.

பிறகு அவளிடம் கேட்டேன்: “குச்சவெளியைப் பற்றி எழுதினவன் குச்சவெளி எண்டு எழுத வேணும் எண்டு என்ன கட்டாயம்?” புல்மோட்டைக் கரையின் இல்மனைற் மணலைப் பற்றிப் புவியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். புறாமலை என்று நாம் சொல்லும் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அதன் முருகைக்கற்களைப் பற்றிக் கடலியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இவற்றின் தலைப்பில் எங்கள் பிரதேசப் பெயர் இருக்காது. நிலாவெளி, புல்மோட்டை, திரியாய், இல்மனைற் என்று ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தேடினோம். புறாமலையின் ஆங்கிலப் பெயரைத் தலைப்பில் மட்டும் கொடுத்தபோது கரிபியன் கடலிலிருந்து அதே பெயரில் இன்னொரு தீவு வந்தது. அதையும் நாட்டின் பெயரைச் சேர்த்தே விலக்கினோம். ‘நொற்’ என்ற விலக்குச் சொல்லும் உண்டு. ஆனால் அது வேண்டியதையும் சேர்த்து வெட்டிவிடும். கடைசியாகவே பாவியுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு அவள் சொன்னாள்: “பெரியம்மா, தலைப்பை மாத்தேல்ல.”

தமிழில் தேடுவதற்கு இரண்டு வார்த்தை. எங்கள் மொழியில் சொல் உருமாறும். ‘வரலாறு’ என்று கொடுத்தால் ‘வரலாற்றில்’ என்பது அகப்படாமல் போகலாம். ‘வரலா’ என்பதோடு உடுக்குறி போடுங்கள். ‘திருகோணமலை’ என்றும் ‘திருக்கோணமலை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டையும் ‘ஓர்’ போட்டுக் கேளுங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் பல்லாயிரம் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. அங்கேயும் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு என்று புலங்கள் இருக்கின்றன. ஆண்டு வாரியாக, ஆசிரியர் வாரியாகப் பாருங்கள்.

இனி ஆசிரியர் புலம். இது பெண்களாகிய எங்களுக்கு மிக நெருக்கமானது. தமிழர் பெயரில் முன்னெழுத்து தகப்பன் பெயர். தமிழில் ‘சி’ என்பது ஆங்கிலத்தில் ‘எஸ்’ ஆகும்; ‘சோ’ என்பதும் ‘எஸ்’தான். வரலாற்றுப் பேராசிரியர் சி. பத்மநாதன், கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான சோ. பத்மநாதன் இருவரும் ஆங்கிலத்தில் ‘எஸ். பத்மநாதன்’ ஆகிவிடுவார்கள். ஆசிரியர் புலத்தில் அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் சாசனமும் கவிதையும் கலந்து வரும். பொருள் புலத்தில் ‘கல்வெட்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் பிரிந்துவிடும்.

ஆண்களுக்கு இவ்வளவுதான். எங்களுக்கு முன்னெழுத்தே பாதியில் மாறுகிறது. மணமாகுமுன் தகப்பன் பெயரில் எழுதியவள், பின்னர் கணவன் பெயரில் எழுதுகிறாள். கனடாவுக்கோ லண்டனுக்கோ போனதும் கணவரின் பெயர் குடும்பப் பெயராகி முன்னால் வந்துவிடுகிறது. தரவுத்தளத்தில் அவள் மூன்று பேர். அவளுடைய உழைப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கும். ஆய்வு செய்யும் தங்கைகளே, முதல் கட்டுரைக்கு எந்தப் பெயரைப் போடுகிறீர்களோ அதையே கடைசிவரை வைத்திருங்கள். ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள இலக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் மாறினாலும் அது மாறாது. முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் நான்காவது. வாசகருக்கு நேரம் இல்லாமலே போய்விடும் என்பதை நான் அந்தத் திரியாய் ஐயாவிடம்தான் கற்றேன்.

கடைசியாக, எங்கள் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். தேடுகிறவர்களுக்குச் சொன்னதெல்லாம் எழுதி வைப்பவர்களுக்கும் பொருந்தும். எழுதி வைக்காத புலத்தில் எந்தக் கணினியும் தேடாது.

நூற்றாண்டுக்காகத் தொகுத்த பழைய மாணவியர் பட்டியலைப் பார்த்தேன். எவ்வளவு உழைப்பு! ஆனால் பெயர் ஒரே நிரலில் இருக்கிறது. ‘திருமதி’ போட்ட இன்றைய பெயர். தன்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியை ஒருத்தி தேடினால், அவளுக்குத் தெரிந்தது சேர்விடாப்பில் இருந்த பெயர்தானே? தயவுசெய்து நிரலைப் பிரியுங்கள்: பாடசாலையில் இருந்த பெயர், இன்றைய பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, அன்றைய ஊர். அந்த ஊர் நிரல் முக்கியம். திரியாய், தென்னமரவாடி, குச்சவெளி என்று வந்த பிள்ளைகள் இடப்பெயர்வோடு எங்கெங்கோ போனார்கள். பலர் படிப்பை முடிக்காமலே போனார்கள். விலகிய ஆண்டும் ஊரும் இருந்தால் அவர்களையும் தேடலாம்.

இந்த மலரை யூனிகோட் எழுத்தில் அச்சுக்குக் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடும் இயந்திரத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பம். மலரின் ஒரு பிரதியை எண்ணிம நூலகத்துக்கும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய படங்களின் பின்புறத்தில், மென்மையான பென்சிலால், யார், எங்கே, எந்த ஆண்டு என்று இன்றிரவே எழுதுங்கள். ‘நான், அக்கா, ரீச்சர்’ என்று எழுத வேண்டாம். எழுதியவர் போனபின் அந்த மூவரும் யாரென்று எவருக்கும் தெரியாது.

என் பெறாமகளின் ஆய்வு முடிந்தது. அதன் திறவுச்சொற்கள் பகுதியில் குச்சவெளியை மூன்று எழுத்துக்கூட்டலிலும் போடச் சொன்னேன். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டாராம். “இனித் தேடுற பிள்ளைக்கு” என்றாளாம்.